தேசி மரம்: மீளக் குடியேறும் வளவுக்கு முதல் மரம்

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி திரும்பக் கிடைத்தது 2017 யூலையில். இடையில் 27 ஆண்டுகள். பலாலியைச் சுற்றிய காணிகளுக்காக இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விடுவிக்கப்பட்ட இடங்களுக்குப் போனவர்களில் பலருக்கு வீடு இருக்கவில்லை, வேலி இருக்கவில்லை, ஒழுங்கையும் தெரியவில்லை. கிணற்றையும் எஞ்சி நின்ற மரங்களையும் அடையாளமாக வைத்துத்தான் தங்கள் வளவு எதுவென்று கண்டுபிடித்தார்கள்.

அப்படித் திரும்பியவர்கள் வளவைத் துப்புரவு செய்து கொட்டில் போட்டதும் எழும் கேள்வி, முதலில் எதை நடுவது என்பது. தென்னை காய்க்க ஆறேழு வருடம் செல்லும். பலாவும் மாவும் இடம் கேட்கும். வாழை விரைவாகக் குலை தரும், ஆனால் ஓயாமல் தண்ணீர் கேட்கும். இவற்றுக்கிடையில், சிறிய இடத்தில் நின்று, கல்லு நிலத்தையும் கோடை வெயிலையும் தாங்கி, ஒவ்வொரு நாளும் அடுப்படிக்கு உதவும் மரம் ஒன்று உண்டு. அதுதான் தேசி. யாழ்ப்பாணத்து வளவுகளில் கிணற்றடிக்குக் கிட்ட ஒரு தேசி நிற்பது முன்னர் வழமை. அதை எப்படி வளர்ப்பது என்று எவரும் எவருக்கும் பாடம் எடுக்கவில்லை. பார்த்துப் பழகினார்கள். முகாமிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்தப் பார்த்துப் பழகும் வாய்ப்பு இல்லாமற் போனது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது.

எந்தத் தேசி?

நாம் தேசிக்காய் என்பதைத் தமிழ்நாட்டில் எலுமிச்சை என்பார்கள். சிங்களத்தில் தெஹி. தோடை, நாரத்தை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலாளர் இதனைச் சிற்றஸ் ஒரன்ரிபோலியா என்று அழைப்பர். தென்கிழக்காசியக் காட்டுத் தேசி இனம் ஒன்றும் கடாரங்காய் இனமும் கலந்து உருவானதே இது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன.

எமது தேசிக்காய் சிறியது, உருண்டையானது, மெல்லிய தோலும் நிறைய விதையும் கொண்டது. கொப்புகளில் கூரான முள் இருக்கும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் கடைகளில் கிடைக்கும் பெரிய, விதையற்ற பச்சைத் தேசிக்காய் வேறு இனம். அதன் மரத்தில் முள் குறைவு, காயின் வாசனையும் குறைவு. சொதிக்குப் பிழிந்தால் ஊர் மணம் வரவில்லை என்று புலம்பெயர்ந்த உறவுகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

யாழ்ப்பாண மண்ணில் ஏன் தாங்குகிறது?

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே சில அடியிலேயே பாறை வந்துவிடும். இப்படிப்பட்ட நிலம் காரத்தன்மையானது. தோடை வகைகள் பொதுவாகக் காரமண்ணை விரும்புவதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் சுண்ணக்கல் நிலத்தை ஓரளவு நன்றாகத் தாங்குவது எமது தேசிதான். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குத் தெற்கே 'கீஸ்' என்ற தீவுத்தொடர் இருக்கிறது. அதுவும் மண் குறைந்த சுண்ணக்கல் நிலமே. ஒருகாலத்தில் இதே தேசி அங்கு தோட்டம் தோட்டமாக வளர்க்கப்பட்டது. அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு 'கீ லைம்' என்று பெயர் வந்தது.

ஆனாலும் தேசிக்கு இரண்டு விடயங்கள் ஆகாது. ஒன்று வேரடியில் தேங்கி நிற்கும் தண்ணீர். மற்றது உவர். வெயிலும் கல்லும் தேசியைக் கொல்வது அரிது. யாழ்ப்பாணத்தில் தேசி பட்டுப்போனால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றே காரணமாக இருக்கும். கீழே சொல்லப்படும் பராமரிப்பு முறைகளிற் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்தும் மரத்தைக் காப்பதற்கானவை.

மண்வெட்டி வைப்பதற்கு முன்

மீளக் கையளிக்கப்பட்ட காணியில் குழி வெட்டுவதற்கு முன்னர், அந்த நிலம் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்பட்டதா என்பதைக் கிராம அலுவலர் ஊடாகவோ பிரதேச செயலகம் ஊடாகவோ கேட்டு அறியுங்கள். முகமாலை போன்ற முன்னரங்கப் பகுதிகளில் போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் வெடிபொருட்கள் எடுக்கப்பட்டன. துப்புரவு செய்த நிலத்திலும் மழைக்குப் பிறகு பழைய எறிகணை ஒன்று மேலே தெரியக்கூடும். சந்தேகமான இரும்புப் பொருள் கண்ணில் பட்டால் தொடவேண்டாம், குப்பையோடு சேர்த்து எரிக்கவும் வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். குப்பை எரிக்கும்போது வெடித்துக் காயமடைந்த சம்பவங்கள் எமது பகுதிகளில் நடந்திருக்கின்றன.

கன்று எங்கே எடுப்பது?

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது விதை. பெரும்பாலான பழமரங்களில் விதையை நட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது. தேசி இதற்கு விதிவிலக்கு என்றே சொல்லலாம். அதன் ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வரும். அவற்றில் பல, மகரந்தக் கலப்பு இல்லாமல் தாய்மரத்தின் இழையத்திலிருந்தே உருவாகுபவை. ஆகவே நன்றாகக் காய்க்கும் ஒரு மரத்தின் பழத்தில் விதை எடுத்தால் பெரும்பாலும் அதே போன்ற மரம் வரும். முற்றிய மஞ்சள் பழத்திலிருந்து விதையை எடுத்துக் கழுவி, காயவிடாமல் உடனேயே போடவேண்டும். தேசி விதை காய்ந்தால் முளைக்கும் திறன் போய்விடும். விதைக் கன்று காய்க்க நான்கு தொடக்கம் ஆறு வருடம் செல்லும்.

இரண்டாவது பதிவைத்தல். பென்சில் தடிப்புள்ள கொப்பில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தும்பும் கூட்டெருவும் கலந்து வைத்து, பொலித்தீனால் இறுக்கிக் கட்டவேண்டும். மாரி காலத்தில் கட்டினால் சுமார் இரண்டு மாதத்தில் வேர் வரும். பிறகு கீழே வெட்டி எடுத்துச் சிறிது காலம் நிழலில் பையில் வைத்து நடலாம். இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். ஆணிவேர் இல்லாததால் சோளகக் காற்றுக்குச் சாயாமல் தடி ஊன்றிக் கட்டவேண்டும்.

மூன்றாவது அரும்பொட்டுக் கன்று. இதனை நாற்றுமேடைகளில் வாங்கலாம். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே ஆறு அங்குலமாவது இருக்கும் கன்றைத் தெரிவு செய்யுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் தளிர் அடிக்கட்டையின் தளிர். அதை விட்டால் தேசி அமுங்கிப்போகும், பிடுங்கிவிடுங்கள். கன்று வாங்கும்போது இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இலைகளில் மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் பருக்கள் இருந்தால் அந்தக் கன்று வேண்டாம். அது ஒரு பக்டீரியா நோய். வளவுக்குள் வந்தால் திரும்பப் போகாது.

எதை வாங்குவது என்ற சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

நடுகை

நாள் முழுவதும் வெயில் விழும் இடமே நல்லது. மாவுக்கோ பலாவுக்கோ கீழே வைத்தால் மரம் நிற்கும், காய்க்காது. கிணற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வையுங்கள். இரண்டு மரம் வைப்பதானால் இடையில் 15 அடி விடுங்கள். யூன் தொடக்கம் செப்ரெம்பர் வரை அடிக்கும் சோளகம் இளங்கன்றின் தளிரை உலர்த்திவிடும். தென்மேற்குப் பக்கத்தில் வேலியோ சீமைக்கிளுவையோ மறைப்பாக இருந்தால் கன்றுக்குப் பாதுகாப்பு.

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுங்கள். பாறை தட்டினால் அந்த இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி வெட்டுங்கள். பாறையைக் குடைந்த குழி மாரியில் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். மேல்மண்ணையும் நன்றாக மக்கிய மாட்டெருவையும் கலந்து நிரப்பி, இரண்டு வாரம் இறுக விடுங்கள். ஒக்ரோபரில் முதல் மழை விழுந்து நிலம் குளிர்ந்த பின் நடுவது உகந்தது. குடாநாட்டின் மழையிற் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் விழுகிறது. அந்த மூன்று மாதத்தில் கன்று வேர் பிடித்துவிட்டால் அடுத்த கோடையைத் தாங்கும்.

கன்றின் அடிமண் சுற்றுப்புற மண்ணைவிடச் சற்று உயரமாக இருக்கவேண்டும். தண்ணீர் விடும் பாத்தியை அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையமாக அமையுங்கள். தண்ணீர் அடிமரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் பட்டை அழுகிப் பிசின் வடியும். அதன் பின் மரத்தைக் காப்பாற்றுவது கடினம்.

தண்ணீரும் உவரும்

முதல் இரண்டு கோடையிலும் கிழமைக்கு இரண்டு தடவை தண்ணீர் வேண்டும். பிறகு கிழமைக்கு ஒரு தடவை ஆழமாக விட்டால் போதும். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பனையோலை, வைக்கோல், சருகு என்பவற்றைப் பரப்பி மூடினால் பாதித் தண்ணீர் மிச்சம்.

இனி உவர். குடாநாட்டுக்கு ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அதுதான் எமது கிணற்றுத் தண்ணீர். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோரும் அறிந்தது. துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்தில் ஊறிய அளவுக்கே எடுத்தோம். பம்பி போட்டு வேகமாக இறைத்தால் கீழிருந்து உவர் மேலே ஏறும். கடற்கரையோரக் கிராமங்களிலும் தீவகத்திலும் இது இன்னும் மோசம். பல ஆண்டுகள் பாவிக்காமல் கிடந்த கிணற்றைக் கலக்கி இறைத்துத் துப்புரவு செய்த பிறகு, தண்ணீரின் உவர்த்தன்மையைச் சோதித்துப் பாருங்கள்.

உவர் தாக்கினால் தேசியின் முற்றிய இலைகளின் நுனியும் ஓரமும் எரிந்தது போலப் பழுப்பாகும். பிறகு இலை கொட்டும். அப்போது செய்யவேண்டியவை சில. இலையில் தண்ணீர் படாமல் வேரடிக்கு மட்டும் விடுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விடாமல், இடைவெளி விட்டு நிறைய விடுங்கள். அப்போது உப்பு வேரைக் கடந்து கீழே இறங்கும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் கன்றுக்கு விடுவது மிக நல்லது. அரிசி கழுவிய தண்ணீர் விடலாம். உடுப்புத் தோய்த்த சவர்க்காரத் தண்ணீரை நாள்தோறும் வேரடிக்கு விடவேண்டாம், அதுவும் உப்பையே சேர்க்கும்.

பசளை, மஞ்சள் இலை, சாம்பல்

பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியா குடாநாட்டுக்குள் வர விடப்படவில்லை. 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது நாடு முழுவதும் அந்த நிலை வந்தது. இரண்டு காலத்திலும் கைகொடுத்தது எமது பழைய முறைதான். பூவரசு, சீமைக்கிளுவை இலைகளையும் பனையோலையையும் மண்ணில் தாழ்ப்பது, மாட்டெருவும் ஆட்டெருவும் இடுவது. தேசிக்கு அது நன்றாகப் பொருந்தும். மாரி தொடங்கும்போது ஒரு தடவை, மழை முடியும்போது ஒரு தடவை, இலைவிரிவின் ஓரத்தைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டிக் குழையும் எருவும் இட்டு மூடுங்கள். அடிமரத்தோடு எருவைக் குவிக்கவேண்டாம்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். அடுப்புச் சாம்பலை மரத்தடியில் கொட்டும் பழக்கம் எமது வீடுகளில் உண்டு. தேசிக்கு அதைக் குறைத்துக் கொள்ளுங்கள். சாம்பல் காரம். எமது மண் ஏற்கெனவே காரம். காரம் கூடினால் மண்ணில் இருக்கும் இரும்பையும் நாகத்தையும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலையில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. கூட்டெருவைக் கூட்டுவதும், நாகமும் இரும்பும் அடங்கிய இலைவழிப் பசளையைப் புதுத்தளிரில் தெளிப்பதும்தான் வழி.

இலையின் இரு பாதியும் ஒரே மாதிரி மஞ்சளானால் அது ஊட்டக்குறைபாடு. ஒரு பாதியில் ஒருவிதமாகவும் மறுபாதியில் வேறுவிதமாகவும் திட்டுத் திட்டாக, அதுவும் ஒரு கொப்பில் மட்டும் மஞ்சளாகி, காய் கோணலாகச் சிறுத்துப்போனால் அது சாறுறிஞ்சும் சிறு பூச்சி பரப்பும் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. போதனாசிரியரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டு மரத்தை அகற்றுவதே அயல் மரங்களுக்குப் பாதுகாப்பு.

பூச்சிகள்

இளங்கன்றின் முதல் எதிரி தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவும், பெருத்ததும் பச்சையாகவும் இருக்கும். இரண்டு மூன்று புழு ஒரு சிறு கன்றை இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். காலையில் பார்த்துக் கையால் பொறுக்கினால் போதும், மருந்து வேண்டாம்.

புதுத்தளிரில் வெள்ளிக் கோடு போல வளைந்து வளைந்து தெரிவது இலைச்சுரங்கமறுப்பி. அழுக்கணவனும் தளிரில்தான் கூடும். வேப்பம் விதையை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடித்த சாற்றைத் தளிர் வரும் காலத்தில் மாலையில் தெளியுங்கள். பெரிய மரத்துக்கு இவற்றால் பெரும் கெடுதி இல்லை.

தேசியில் முசுறு கூடு கட்டினால் பறிப்பவருக்குத் துன்பம். ஆனால் முசுறு புழுக்களையும் வண்டுகளையும் பிடித்துத் தின்னும். தென்சீனத்தில் தோடை மரங்களில் முசுறுக் கூட்டைக் கொண்டுவந்து கட்டிப் பூச்சியைக் கட்டுப்படுத்திய செய்தி நான்காம் நூற்றாண்டு நூலிலேயே இருக்கிறது. அதேவேளை, முசுறு தேன்பொசிவுக்காகச் செதிற்பூச்சியைக் காக்கும் பழக்கமும் உடையது. இலையில் கரி படிந்தது போலக் கறுப்புப் படை கூடினால் கூட்டைக் குறைத்துவிடுங்கள்.

காய்க்க வைப்பது

முதல் இரண்டு வருடத்தில் அடியிலிருந்து இரண்டடி வரை பக்கக் கொப்புகளை எடுத்து, மூன்று நான்கு நல்ல கொப்புகளை விட்டுக் குடைபோல அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு பட்ட கொப்பு, உள்நோக்கி வளரும் கொப்பு, நேர்மேலே விரைந்து ஓடும் நீர்க்கொப்பு ஆகியவற்றை மட்டும் வெட்டினால் போதும்.

தேசி வாட்டத்துக்குப் பின் தண்ணீர் கிடைத்தால் பூக்கும். கோடையில் காய்ந்து கிடந்து மாரி மழை விழுந்ததும் பூப்பது அதனால்தான். பூத்ததிலிருந்து காய் பறிக்க ஐந்து ஆறு மாதம் ஆகும். எல்லோர் வீட்டிலும் காய் குவியும் நேரத்தில் விலை விழும். காய் இல்லாத மாதங்களில் விலை பல மடங்கு ஏறும். கிணற்று வசதி உள்ளவர்கள், வளர்ந்த மரத்துக்கு மூன்று நான்கு கிழமை தண்ணீரை நிறுத்தி, இலை சற்று வாடத் தொடங்கியதும் எருவிட்டுத் தண்ணீர் விட்டால் வேறு பருவத்திலும் ஒரு பூ எடுக்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட மரத்தில் இதைச் செய்யவேண்டாம்.

நன்றாகப் பராமரித்த மரம் வருடத்துக்குச் சில நூறு தொடக்கம் ஆயிரம் காய் வரை தரும். ஒரு வீட்டுக்கு ஒரு மரம் போதும். இரண்டாவது மரத்தின் காய் சந்தைக்குப் போகலாம். கணவனை இழந்தோ காணாமல் ஆக்கப்பட்டோரின் வழி பார்த்தோ குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கு, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் சந்தைகளுக்கு ஒரு பையில் கொண்டுபோய் விற்கக்கூடிய பொருள் இது. பெரிய முதலும் வேண்டாம், அடுத்தவர் உதவியும் வேண்டாம்.

காயைப் பிடுங்கி இழுக்காமல் காம்போடு முறித்தோ வெட்டியோ எடுங்கள். காம்பு கழன்ற இடத்தால் அழுகல் இறங்கும். கீழே விழுந்ததைத் தனியே வைத்து முதலில் பாவியுங்கள். குளிரூட்டி இல்லாத வீட்டில், மண்பானையில் காய்ந்த மணலுக்குள் ஒன்றோடொன்று முட்டாமல் புதைத்து நிழலில் வைக்கும் பழைய வழக்கம் இன்றும் பயன்படும்.

அடுப்படியில்

சொதி, சம்பல், பச்சடி, வறை எல்லாவற்றுக்கும் தேசிப்புளி வேண்டும். சொதியை இறக்கிய பிறகே தேசிப்புளி விடவேண்டும் என்று அம்மாமார் சொல்வதில் இரண்டு காரணம் உண்டு. கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும், கைக்கும். கூடவே உயிர்ச்சத்து சியும் வெப்பத்தில் அழியும்.

முருங்கையிலை வறைக்கும் வல்லாரைச் சம்பலுக்கும் தேசிப்புளி விடுவது சுவைக்காக மட்டுமல்ல. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. உயிர்ச்சத்து சி உடன் சேர்ந்தால் உறிஞ்சுவது கூடும். இறைச்சியும் மீனும் குறைவாகக் கிடைக்கும் வீட்டில், கர்ப்பிணிக்கும் வளரும் பெண்பிள்ளைக்கும் இரத்தச்சோகை வராமல் தடுக்க இது செலவில்லாத உதவி. அதே சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்தப் பயன் குறையும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

காய் குவியும் காலத்தில் ஊறுகாய் போட்டு வைக்கலாம். 25 மஞ்சள் பழுத்த தேசிக்காயைக் கழுவி ஈரமில்லாமல் துடையுங்கள். அடி பிரியாமல் நான்காகக் கீறி, ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டிக் கணக்கில் கல்லுப்பை உள்ளே அடைத்துச் சாடியில் போடுங்கள். மூன்று நாள் தினமும் குலுக்கிவிடுங்கள். நான்காம் நாளிலிருந்து பகலில் காயை எடுத்து வெயிலில் காயவைத்து, மாலையில் அதே உப்புச்சாற்றில் திரும்பப் போடுங்கள். சாறு வற்றி, காய் கபில நிறமாகச் சுருங்கும் வரை இப்படிச் செய்யவேண்டும். நல்ல வெயிலில் ஒரு கிழமைக்கு மேல் ஆகும். உறைப்பு வேண்டுமானால் செத்தல் மிளகாய்த் தூளும் வறுத்து இடித்த வெந்தயமும் சேர்க்கலாம். ஈரக்கரண்டி போடாவிட்டால் வருடக்கணக்கில் இருக்கும். அலுமினியப் பாத்திரமும் பித்தளையும் ஆகாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொட்டுக்கொள்வதோடு நிறுத்தவேண்டும்.

மருந்தா?

தேசிக்காயைப் பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கைகளும் உண்டு. தெரிந்ததைச் சரியாகச் சொல்லிவிடுவோம்.

1747 இல் யேம்ஸ் லிண்ட் என்ற பிரித்தானியக் கடற்படை வைத்தியர், முரசு வீங்கி இரத்தம் வடியும் ஸ்கேவி நோய் வந்த 12 மாலுமிகளுக்கு வெவ்வேறு பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார். தோடையும் பெரிய எலுமிச்சையும் உண்டவர்கள் விரைவில் தேறினார்கள். பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கடற்படை மேற்கிந்தியத் தீவுகளின் தேசிச்சாற்றுக்கு மாறியது. அதில் உயிர்ச்சத்து சி குறைவு. செப்புப் பாத்திரத்திலும் குழாயிலும் பட்டும், நாட்பட்டும் இருந்ததும் அழிந்தது. 1875 இல் வடதுருவம் நோக்கிப் போன கப்பல்களில் ஸ்கேவி திரும்ப வந்தது. எமக்கு இதிலுள்ள பாடம், தேசியைப் புதிதாகப் பிழிந்து உடனே பாவிக்கவேண்டும் என்பது. 100 கிராம் தேசிக்காயில் சுமார் 30 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி உண்டு. ஒரு காய் மட்டும் ஒரு நாள் தேவையை நிரப்பாது. கொய்யாவிலும் நெல்லியிலும் இதைவிட அதிகம்.

வயிற்றோட்டத்துக்குத் தேசிக்காய்த் தண்ணீர் மட்டும் போதாது. கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுப்பதே முதலுதவி. சுவைக்குச் சில துளி தேசிச்சாறு விடலாம். குழந்தை சோர்ந்தால், கண் குழி விழுந்தால், சிறுநீர் போகாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

மேற்கு ஆபிரிக்காவின் கினி-பிசாவு நாட்டில் 1990களில் வாந்திபேதி பரவியபோது, உணவில் தேசிச்சாறு சேர்த்தவர்களை அந்த நோய் குறைவாகவே தாக்கியதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். புளிப்பு அந்தக் கிருமிக்கு ஆகாது. ஆனாலும் அது தண்ணீரைக் கொதிக்கவைப்பதற்கு மாற்று அல்ல.

தேசிச்சாறு தோலில் பட்டபடி வெயிலில் நின்றால் அந்த இடம் பொக்குளித்துக் கறுத்துவிடும். ஊறுகாய்க்குக் கீறிவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின் வெளியே போங்கள். முகத்துக்குப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கவே வேண்டாம்.

சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு

மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்து பெரியதாகியது. இன்னமும் வாடகைக் காணியிலும் உறவினர் வளவிலும் இருப்பவர்கள், அடுத்தவர் நிலத்தில் மரம் நட்டு என்ன பயன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிவைத்த தேசிக்கன்றை அடியில் ஓட்டை போட்ட பெரிய வாளியிலோ பழைய பீப்பாயிலோ வளர்க்கலாம். 40 லீற்றர் அளவு கொள்கலன் போதும். மண், கூட்டெரு, பருமணல் மூன்றும் சமபங்கு. காய் குறைவாகத்தான் வரும். ஆனால் காணி கிடைக்கும் நாளில் மரத்தையும் கொண்டுபோகலாம்.

குளிர்நாடுகளில் இருப்பவர்களும் இப்படி வளர்க்கலாம். கோடையில் வெளியிலும், உறைபனிக்கு முன் வெளிச்சமான யன்னலுக்கருகிலும் வைக்கவேண்டும். ஊரிலிருந்து கன்றையோ கொப்பையோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகவேண்டாம். நோய் பரவும் என்பதால் பல நாடுகளில் அதற்குத் தடை உண்டு. அங்கே வாங்கிய சிறிய விதையுள்ள தேசிக்காயின் விதையே முளைக்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுச் சனம் புறப்பட்டபோது எவரும் மரத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 2000 இல் தென்மராட்சியில் மாவும் பலாவும் தென்னையும் எறிகணையில் தலையறுந்து நின்றன. வீட்டுக்கு இழப்பீடு கேட்கப் படிவம் இருக்கிறது. நாற்பது வருடம் காய்த்த மரத்தின் கணக்கை எந்தப் படிவத்தில் எழுதுவது? அந்தக் கணக்கு திரும்பப் போவதில்லை. இந்த ஒக்ரோபரில் மழை விழுந்ததும் ஒரு குழி வெட்டி ஒரு தேசியை நட்டால், மூன்று மாரி கழிந்து சொதிக்குப் புளி சொந்த வளவிலிருந்து வரும். அதுவரை தண்ணீர் தேங்காமலும் உவர் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மரம் பார்த்துக்கொள்ளும்.